பிள்ளையார் சுழி போட்ட புரோகிராம்கள்

உலகத்தில் நடக்கும் நாசங்களை இரண்டாகப் பிரிக்கலாம். கெட்டவர்கள் செய்வது ஒன்று. வேலை இல்லாத நேரத்தில், "எல்லாத்தையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாமே" என்று எழுந்து நிற்பவர்கள் செய்வது இன்னொன்று. முதல் வகையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வகைக்குச் சம்பளமும் கொடுத்து, ஏ.சி. அறையும் கொடுத்து, 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்' என்று கதவில் பலகையும் மாட்டிவிடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் தொழிற்பேட்டையில் அப்படியொரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

நாகரசம்பட்டியிலிருந்து முதன்முதலாகக் கம்ப்யூட்டர் படித்தவன் என்று எனக்குப் பெயர். (இரண்டாவதாகப் படித்தவன் அமெரிக்கா போய்விட்டான். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.) எங்கள் ஆலையில் டிராக்டருக்கான கியர்பாக்ஸ் கூடுகள் செய்தோம். புரோகிராம் கொடுத்தால் அதன்படி இரும்பைக் குடையும் சி.என்.சி. மெஷின்கள் வரிசையாக நின்றன. அந்தப் புரோகிராம்கள் எல்லாம் என் அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் குடியிருந்தன. அறைக்குள் வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். தூசிக்காக என்றுதான் ஆரம்பித்தேன். நாளடைவில் கருவறையில் நிற்கும் குருக்களின் முகபாவம் எனக்கு வந்துவிட்டது.

புரோகிராம்கள் இருந்த இடத்துக்கு 'லைப்ரரி' என்று பெயர். ஒரு புரோகிராமைத் திருத்த வேண்டுமானால் பூட்டுப் போட்டு எடுக்க வேண்டும். எடுத்தவர் திரும்ப வைக்கும்வரை வேறு யாரும் அதன்மேல் கை வைக்க முடியாது. புதியதை வைத்தால் பழையது அழியாது, அடியில் போய்விடும். பெட்டியில் மடித்து அடுக்கிய வேட்டிகள் மாதிரி. மேல் வேட்டியில் கறை பட்டால் அடுத்ததை உருவிக் கட்டிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. முட்டாள்களும் இருப்பார்கள் என்று தெரிந்து எவனோ ஒரு புத்திசாலி எழுதிய மென்பொருள். ஆனால் இவ்வளவு பெரிய முட்டாள் இருப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அதோடு எங்கள் ஆலைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புது புரோகிராமில் செதுக்கிய முதல் பீஸைத் தரப் பிரிவு அளந்து, பச்சைப் பெயிண்ட் அடிக்கும்வரை யாரும் அந்தப் புரோகிராமை லைப்ரரிக்குள் வைக்க மாட்டார்கள். வைத்தால் அபசகுனம். மூன்று மாதம் ஆகும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாத மாதிரி. அதுவரை திருத்திய புரோகிராம் அதே கம்ப்யூட்டரில், பக்கத்துப் பொது இடத்தில், பூட்டும் இல்லாமல் அடுக்கும் இல்லாமல், ஒற்றை வேட்டியாகக் கொடியில் தொங்கும்.

அப்போது அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது ஸ்டெல்லாவின் வேலை.

ஸ்டெல்லா புரோகிராம் எழுதுபவள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கான்ட்ராக்டில் இருந்தாள். பெங்களூரிலிருந்து ஒரு புது கஸ்டமர் வரப்போகிறார். அவர் கண்ணெதிரே புதுக் கூடு ஒன்றைச் செதுக்கிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் ஸ்டெல்லாவை நிரந்தரமாக்குவேன் என்று எங்கள் மேனேஜர் மூர்த்தி சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். தலையாட்டாவிட்டால் என்ன என்பதையும் ஸ்டெல்லா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

"எங்க சித்தப்பா பர்கூர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வெச்சிருக்காருங்க. இது போச்சுன்னா காலம் பூரா அங்க உக்காந்து ஏ எஸ் டி எஃப் சொல்லிக் குடுக்கணும். அதுக்கு நான் சானமாவு காட்டுல யானைக்கு முன்னாடி போய் நிப்பேன்."

அந்த டிரையல் விஜயதசமிக்கு மறுநாள். லைப்ரரியில் இருந்த பழைய கூடு ஒன்றின் புரோகிராமை எடுத்து, இரண்டு வாரமாகத் திருத்தி முடித்திருந்தாள். மெஷினிலும் ஏற்றி, இரும்பு வைக்காமல் வெறுமனே ஓட்டிப் பார்த்திருந்தாள். இனி இரும்பை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் எனக்குப் பக்தி வந்தது.

ஆயுத பூஜையன்று காலை ஆலையே மணக்கிறது. லேத்துக்குச் சந்தனம், டிரில்லுக்குக் குங்குமம், ஸ்பானருக்குக்கூடப் பொட்டு. ஆனால் இவ்வளவையும் ஆட்டிவைக்கும் புரோகிராம்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லையே! அநியாயம் அல்லவா? ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் ஒரு வரி சேர்த்துவிட்டால் என்ன? மெஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, சாமி கண்டுகொள்ளும். பிள்ளையார் சுழியை எப்படி டைப் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே 'ஓம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் அடக்கமாக என் பெயரையும் போட்டுக்கொண்டேன். (சாமிக்கு யார் செய்தது என்று தெரிய வேண்டாமா?)

இந்த மகத்தான யோசனை எனக்கு ஆடி மாதத்திலேயே உதித்துவிட்டது. அப்போதே எல்லாப் புரோகிராம்களையும் என் இடத்துக்கு நகலெடுத்து, ஓம் சேர்த்து, தயாராக வைத்திருந்தேன். பூஜையன்று, வெளியே எல்லாரும் பூசணிக்காய் உடைக்கக் கூடியிருந்த சமயம், அந்த ஆடி மாதத்து மூட்டையை அப்படியே தூக்கி லைப்ரரியில் வைத்தேன். சில புரோகிராம்கள் பூட்டியிருந்தன. 'உடைக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. உடை என்றேன். பக்கத்துப் பொது இடத்தில் தொங்கியவை மட்டும் ஏன் அனாதையாக நிற்க வேண்டும் என்று அங்கேயும் ஒரு கை அள்ளிப் போட்டேன். 'ஏற்கெனவே இருப்பதன்மேல் எழுதவா?' என்று கேட்டது. எழுது என்றேன். இவ்வளவு மரியாதையாக அந்தக் கம்ப்யூட்டர் என்னிடம் அதற்குமுன் பேசியதே இல்லை.

வெளியே பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூஜை முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்டெல்லா வந்தாள். கையில் பொரிப் பொட்டலம். (பொரி கடலை விஷயத்தில் அவள் மத வித்தியாசம் பார்ப்பதில்லை.) போவதற்குமுன் புரோகிராமை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். பொரி மெல்லும் சத்தம் நின்றது.

"குமரேசன்."

"சொல்லுங்க."

"என் புரோகிராம் தலையில உங்க பேரு எதுக்குங்க இருக்கு?"

"அது... சாமிக்காக."

"சரி. சாமி அடியில இருந்த என் ரெண்டு வார வேலையை எங்க கொண்டு போய் வெச்சிருக்கு?"

திரையைப் பார்த்தேன். ஆடி மாதத்துப் புரோகிராம், ஓம் சூடி, என் பெயரைத் தாங்கி, பளபளவென்று நின்றது.

"பதறாதீங்க" என்றேன், பதறிக்கொண்டே. "இதுக்குத்தானே லைப்ரரி இருக்கு? அடியில இருக்கறதை உருவிட்டாப் போச்சு."

உருவினேன். மற்றவர்களின் புரோகிராம்கள் எல்லாம் சமர்த்தாக ஒவ்வொன்றாக மேலே வந்தன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்டெல்லாவுடையது மட்டும் வரவில்லை. எப்படி வரும்? பச்சைப் பெயிண்ட் விழவில்லை என்று அவள் அதை லைப்ரரியில் வைக்கவே இல்லையே! ஒற்றை வேட்டி. அதைத்தான் நான் துவைத்துக் கிழித்திருந்தேன்.

"கேட்ரிட்ஜ் இருக்கு!" என்று கத்தினேன். அன்றாட வேலையை நகலெடுத்து வைக்கும் காந்த நாடாக் கேட்ரிட்ஜ்கள். கம்ப்யூட்டர் அறையில் கருவறைச் சிலைக்கு இணையான பொருள். அதனாலேயே அன்று காலை அவை எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, இரண்டு பக்கமும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தேன். ஈரம் காயாமல் இருந்தது. வேட்டி முனையால் துடைத்துவிட்டு (பூஜை என்பதால் வேட்டி) நேற்றையதை உள்ளே தள்ளினேன். உள்ளே யாரோ தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். பிறகு சத்தமும் இல்லை. கேட்ரிட்ஜை வெளியே இழுத்தபோது நாடா பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் சந்தனத் தூள் வந்தது.

"பிரசாதமா?" என்றாள் ஸ்டெல்லா.

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பொரிப் பொட்டலத்தை மட்டும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மெஷின்ல ஒரு காப்பி இருக்கு" என்று அவளே சொன்னாள். நேற்று ஏற்றி ஓட்டிப் பார்த்தாள் அல்லவா? அது மெஷினின் ஞாபகத்தில் அப்படியே இருக்கும். கேபிள் வழியாக இங்கே இழுத்துக்கொண்டால் முடிந்தது. இருவரும் ஓடினோம்.

மெஷினுக்கு முன்னால் முனிரத்னம் நின்றிருந்தார். அந்த மெஷினை ஓட்டுபவர். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். மெஷினைச் சுற்றித் தான் செய்திருந்த அலங்காரத்தை ஒரு பார்வை பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். வாழைக்கன்று, மாவிலை, மேலே குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தோரணம்.

"அண்ணா, மெஷினை ஆன் பண்ணுங்க" என்றேன்.

"அரே! பூஜை போட்ட மெஷினை இன்னிக்கு ஆன் பண்றதா? நாளைக்கு நல்ல நேரம் பாத்துத்தான்."

"அண்ணா, ஸ்டெல்லா வேலையே போயிரும்ணா."

"ஏம்மா, என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்ணா. இவருதான் பண்ணாரு."

முனிரத்னம் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாமியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். மெஷின் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைக்குக் கேக் ஊட்டுவதா, குழந்தை கையிலிருந்து கேக்கைப் பிடுங்குவதா என்கிற அளவுக்குத் தெளிவான வித்தியாசம். நான் ஓடிப்போய் என் அறையில் ஒரு பட்டனைத் தட்டி, ஓடிவந்து மெஷினில் இன்னொன்றைத் தட்டி, மூச்சு வாங்கியபடி திரையைப் பார்த்தேன். மெஷின் திரையில் வரிகள் ஓடி நின்றன. மேலே முதல் வரி: ஓம். பக்கத்தில் குமரேசன்.

நான் ஊட்டிவிட்டிருந்தேன்.

"இது என்னப்பா, உன் பேரு வருது?" என்றார் முனிரத்னம், சந்தோஷமாக.

ஸ்டெல்லா மெஷின் பக்கத்து இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவரை 'நீங்க, உங்க' என்றவள் தலை நிமிராமலேயே, "உனக்கு நான் என்னடா பண்ணினேன்?" என்றாள். என் வாழ்க்கையில் அதற்குமுன்னும் பின்னும் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இந்த அளவுக்கு நியாயமாக இருந்ததில்லை.

கண்ணீரை அடக்க மனிதர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள் இல்லையா? அப்படித்தான் அவளும் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பிறகு ஸ்டூல்மேல் ஏறி நின்றாள்.

"முனிரத்னண்ணா. இந்தத் தோரணம் ஏது?"

"நல்லா இருக்குதா? நேத்து மெஷின்மேல சுருட்டி வெச்சிருந்திச்சு. வேஸ்ட் பேப்பர்தானேன்னு எடுத்தேன். பாரு, ஓட்டை ஓட்டையா, லேஸ் வெச்ச மாதிரி!"

அந்தக் காலத்தில் கேபிள் வருவதற்கு முன், புரோகிராம்களை ஓர் அங்குல அகலக் காகித நாடாவில் ஓட்டைகளாகக் குத்தித்தான் மெஷினுக்குக் கொடுப்பார்கள். ஓட்டைகளின் வரிசைதான் எழுத்து. குத்தும் கருவியும் படிக்கும் கருவியும் இன்னும் ஆலையில் இருந்தன. பூஜைக்கு முந்தின நாள் காலை கேபிள் கொஞ்ச நேரம் மக்கர் செய்ததால் ஸ்டெல்லா அந்தப் பழைய முறையில் ஒரு நாடா குத்தித்தான் புரோகிராமை மெஷினில் ஏற்றியிருந்தாள். அந்த நாடாதான் எங்கள் தலைக்குமேல் அசைந்துகொண்டிருந்தது. அவளுடைய இரண்டு வார உழைப்பு மாவிலைகளுக்கு நடுவே தோரணமாகத் தொங்கியது.

முனிரத்னம் அதைக் கழற்ற விடவில்லை. "பூஜைத் தோரணத்தை அன்னிக்கே அவுக்கறதா? உங்க வீட்டுல கல்யாணப் பந்தலை முகூர்த்தத்துக்கு முன்னாடி பிரிப்பீங்களா?" என்று கேட்டார். ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் பர்கூர் போயிருவேண்ணா" என்றாள். அவருக்குப் பர்கூர்க் கதை தெரியும். அவரே ஏணி கொண்டுவந்து அவிழ்த்தார், ஒவ்வொரு முடிச்சுக்கும் என்னைக் கன்னடத்தில் வாழ்த்தியபடி.

கலைஞர் அல்லவா, நாடாவை அழகுக்காகத் துண்டு துண்டாக நறுக்கியிருந்தார். சந்தனத்தைத் துடைத்து, படிக்கும் கருவியில் ஒவ்வொரு துண்டாக ஓட்டினோம். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு என்பதால் எதற்குப் பின் எது என்று தெரிந்தது. முன் பாதி சேர்ந்தது. கடைசிப் பகுதி சேர்ந்தது. நடுவில் பேரிங் உட்காரும் துளையைக் குடைகிற பகுதி மட்டும் இல்லை. ஸ்டெல்லா மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது அந்தப் பகுதிதான்.

"ஒரு துண்டு மட்டும் மூர்த்தி சார் ஸ்கூட்டர்ல கட்டினேன்" என்றார் முனிரத்னம். "சார் வண்டிக்கு வெறும் மாலை மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

மூர்த்தி சாருக்கு வீடு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில். கிளம்பிச் சற்று நேரமாகியிருந்தது. நான் முனிரத்னத்தின் மொபெட்டைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது என் ஆசை. அந்த மொபெட்டுக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தார். எதிர்க்காற்றில் வாழை இலை என் முகத்தில் அறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு அறையும் தகும்.

பெங்களூர் ரோட்டில் அன்று எல்லா வண்டியிலும் எதுவோ பறந்துகொண்டிருந்தது. கலர்க் காகிதம், சாமந்தி, பலூன். ஜுஜுவாடி தாண்டி, எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்காரர் நடுரோட்டில் நிறுத்திப் பூசணிக்காய் சுற்றிக்கொண்டிருந்ததால் பின்னால் வரிசை நின்றிருந்தது. அந்த வரிசையில் ஒரு ஸ்கூட்டர். அதன் கைப்பிடியிலிருந்து வெள்ளை நாடா ஒன்று, கர்நாடகத்தை நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது.

நான் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், ஒன்றும் பேசாமல் நாடாவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். பக்கத்து லாரியின் கிளீனர் பார்த்துவிட்டான்.

"ஏய் கள்ளா! கள்ளா! ஸ்கூட்டர்ல கை வைக்கறான் பாருங்க சார்!"

மூர்த்தி சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நின்ற கோலம்: வேட்டி, நெற்றியில் குங்குமம், முகமெல்லாம் வாழைச்சாறு. "குமரேசனா? ஏனப்பா இது?"

உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லாவின் புரோகிராம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிரையலைத் தள்ளிப்போடுவார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை என் மூளை நேரத்துக்கு வேலை செய்தது.

"சார், பூஜைத் தோரணம் சார். மெஷின்ல கட்டினது. ஒரு துண்டு குறைஞ்சாலும் தோஷமாம். அதுவும் ஸ்டேட் பார்டர் தாண்டிருச்சுன்னா மெஷினே நின்னுருமாம் சார்."

மூர்த்தி சார் செக்போஸ்ட்டைப் பார்த்தார். இருபது அடி இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த நாடாவைத் தன் கையாலேயே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார்.

"நல்ல வேளை வந்தே. உன்ன மாதிரி ஒரு பையன் இருக்கறதாலதான் அந்த ஆபீஸ் நடக்குது."

கிளீனர்கூடக் கும்பிட்டான்.

அந்தத் துண்டும் சேர்ந்தது. ஸ்டெல்லா புரோகிராமை வரி வரியாகச் சரிபார்த்துவிட்டு, வரலாற்றிலேயே முதன்முறையாக, பச்சைப் பெயிண்டுக்குக் காத்திராமல் லைப்ரரியில் வைத்துப் பூட்டினாள். "அபசகுனம்மா" என்றார் முனிரத்னம். ஸ்டெல்லா என்னைக் காட்டி, "அதான் எதிர்ல நிக்குதே, இதுக்கு மேலயா?" என்றாள்.

டிரையலில் கஸ்டமர் கூட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்டெல்லா நிரந்தரமானாள். நிரந்தரமான கையோடு மூர்த்தி சாரிடம் உண்மையைச் சொல்லி, லைப்ரரிப் பொறுப்பைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். மூர்த்தி சார் பொறுப்பை மாற்றிக் கொடுத்தாலும், உண்மையைவிடத் தோஷத்தைத்தான் அதிகம் நம்பினார். பூஜைத் தோரணம் ஆலைக் கேட்டைத் தாண்டக் கூடாது என்று அவர் போட்ட உத்தரவு அவர் ஓய்வு பெறும்வரை அமலில் இருந்தது. எனக்கு அறை இருந்தது, பலகை இருந்தது, பாஸ்வேர்டு இல்லை. ஒரு புரோகிராமைத் தொட வேண்டுமானால் ஸ்டெல்லாவிடம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்க வேண்டும்.

என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள். மேடையில் ஏறி, மணப்பெண்ணின் காதில் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் பரிசைக் கொடுத்தாள். அன்றிலிருந்து என் வீட்டில் நான் பீரோவைத் திறந்தாலும் சரி, மளிகையை அடுக்கப் போனாலும் சரி, மனைவி ஹாலிலிருந்தே, "ஏங்க, ஓம் போடாதீங்க!" என்று குரல் கொடுப்பாள்.

மகள் இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு எங்க ஆபீஸ்ல ஒருத்தரு எல்லாரோட வேலை மேலயும் பழசைத் தூக்கி வெச்சுட்டாருப்பா."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்புறம்?"

"அப்புறமென்ன, எல்லார்கிட்டயும் காப்பி இருந்துச்சு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மீட்டுட்டோம்."

சே, என்ன வாழ்க்கை! ஒரு மொபெட் இல்லை, ஒரு செக்போஸ்ட் இல்லை. "அந்த ஆளை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எங்க டீம்ல அப்படிச் செஞ்சவங்களுக்கு அன்னிக்கு முழுக்க 'அப்பா'ன்னு பேரு. உங்க கதையைச் சொல்லி நான்தான் வெச்சேன். 'யாருடா இன்னிக்கு அப்பா?'ன்னு கேப்போம். பீகார்ப் பையன் ஒருத்தன் தானாவே கையைத் தூக்கி 'ஸாரி, நான்தான் அப்பா'ன்னு தமிழ்லயே சொல்லுவான்."

என் மனைவி சிரித்துப் புரையேறி, தண்ணீரைத் தேடினாள்.

எனக்கு ஒரே மகள்தான். ஆனால் பெங்களூரில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், நான் முகம் பார்த்திராத எத்தனையோ பேர் என் வாரிசுகளாக வளர்ந்துவருகிறார்கள்.